ஒரு சைஸ் பெரிய ஸ்வெட்டர்

"மூச்ச உள்ள இழுங்கண்ணே. இன்னும்... இன்னும் கொஞ்சம்."

இழுத்தேன். முதுகுக்குப் பின்னால் நின்றவள் தன் முழங்காலை என் இடுப்பில் ஊன்றி, ஜிப்பின் நாடாவை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்கினாள். ஜிப் நடு முதுகு வரை வந்து வேலைநிறுத்தம் செய்தது.

"இதுக்கு மேல இழுத்தீங்கன்னா கொடலு வாய் வழியா வந்துருமுங்க அம்மிணி," என்றேன்.

"வராதுண்ணே. கொழுந்துச் சாக்க இதவிட இறுக்கிக் கட்டியிருக்கேன். நீங்க வயித்த மட்டும் விட்டுக் குடுங்க."

வயிற்றை விட்டுக்கொடுப்பது லேசான காரியமா? பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்தது.

சின்னக்கானலுக்கு மேலே, ஒரு எஸ்டேட்டின் தடுப்பணைக் கரை. பத்தடிக்கு அப்பால் எல்லாம் மூடுபனி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு ரப்பர் உடை. பாதங்களில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பைகள், ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். இந்தக் கோலத்தில் நான் நிற்கிறேன். சுற்றிலும், லயம் என்று சொல்கிற எஸ்டேட் வரிசை வீடுகளின் ஜனம் முக்காடு போட்டபடி பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த மலையே சிரித்திருக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

என் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த முத்துமாரி, தன் புருஷனைத் தேடித்தான் என்னைத் தண்ணீருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற புருஷனை அல்ல.

டயர்க்கடைக்காரன் முங்கப் போன கதை

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பஞ்சர் ஒட்டுகிறவனாகவே பார்த்தவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டின் கிழக்குக் கோடி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பெண் எடுத்தது மூணாறுப் பக்கம் சித்திரபுரத்தில். மாமனார் மின்சார வாரியத்தில் இருந்தவர். பெண்ணைக் கொடுத்த கையோடு, "இங்கயே ஒரு கடையப் போடுங்க மாப்ள, மலையில டயருக்குப் பஞ்சமில்ல, ஆணிக்கும் பஞ்சமில்ல" என்று சொன்னார். கடை போட்டேன். என் 'ஏனுங்க'வைக் கேட்டு இன்றைக்கும் அந்தத் தெரு சிரிக்கிறது. இரண்டு வருஷத்தில் என் இடுப்பைச் சுற்றியும் ஒரு டயர் வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஊரில் என் பெயரே 'டயரு'தான்.

வெள்ளம் வந்த ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, எங்கள் பக்கத்துப் பையன்களும் பெரியவர்களும் சேர்ந்து தண்ணீரில் போனவர்களைத் தேடுவதற்கென்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். என்னைக் கூப்பிட்டது என் தைரியத்துக்காக அல்ல. கடலோரத்தில் மூடிப்போன ஒரு டைவிங் கடையிலிருந்து பழைய ரப்பர் உடைகள் ஒரு மூட்டை தானமாக வந்திருந்தது. பாதி கிழிசல். ஒட்ட ஆள் வேண்டும். ஒட்டினேன். ஒட்டிய இடம் நிற்கிறதா என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அப்போது எனக்கு அது சரியாகப் பொருந்தித் தொலைத்தது. பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

குழுவில் நிஜமாக முங்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பேபிச் சேட்டன். பெயர்தான் பேபி. ஆள் ஆறடி. வெகுகாலம் கடலில் முங்கியவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆனபின் கரையில் நின்று கயிறு பிடிப்பதோடு சரி. இன்னொருவன் என் மச்சினன் முருகேசன். ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். மூன்றாவது நான்.

உடை எப்படிப் பொருந்த வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேபிச் சேட்டன்தான்.

தண்ணீர் உள்ளே புகாத உடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீர் புகும். உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிசாக ஒரு படலம் தங்கும். அதை நம் உடம்புச் சூடே வெதுவெதுப்பாக்கிவிடும். அந்தத் தண்ணீர் வெளியே போகாமல் இருக்கிற வரை நமக்குக் குளிராது. வெதுவெதுப்பாக்க வேறொரு வழியும் உண்டு. இது குடும்பப் பத்திரிகை, விட்டுவிடுகிறேன்.

அந்தப் படலம் தங்க வேண்டுமானால் உடை உடம்போடு ஒட்ட வேண்டும். அக்குளில், இடுப்புக்கு மேலே முதுகு பள்ளமாகிற இடத்தில், தொடை சேருகிற இடத்தில் எங்கேயும் இடைவெளி கூடாது. அதே நேரம் முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும். கழுத்தில் பிடிக்கலாம், நெரிக்கக் கூடாது.

"எடோ டயரே, ஆனைக்குத் தோலு தொளதொளான்னு கிடக்கும். அதோண்டல்லே ஆனை டைவ் அடிக்காத்தது!" என்பார் சேட்டன். தோல் தொளதொளப்பதால்தான் ஆனை முங்குவதில்லையாம். அவர் தமிழுக்குள் மலையாளம் இருக்குமா, மலையாளத்துக்குள் தமிழ் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

உடையை மாட்டி முடித்ததும் ஒவ்வொரு முறையும் எங்களைச் சுற்றி வந்து ஒரே கேள்வி கேட்பார். "பாகமாணோடா?"

மலையாளத்தில் பாகம் என்றால் உடை அளவாகப் பொருந்துவது. எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்கிற மொழி. ஆனாலும் நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வேன். "பாகம் வந்துருச்சுங்க சேட்டா. இனித் தட்டுல கொட்டித் துண்டு போட்டுறலாம்." மைசூர்பாகு நகைச்சுவை. முதல் தடவை சிரித்தார். அப்புறம் சிரிக்காவிட்டாலும் கேட்பதை நிறுத்தவில்லை. நானும் சொல்வதை நிறுத்தவில்லை.

வளர்கிற பையன்

அளவான உடை என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல் அறிமுகமான விஷயம்.

எங்கள் வீட்டில் எதையும் அளவாக எடுத்தது கிடையாது. ஜவுளிக்கடையில் அப்பா வாயைத் திறந்தால் வருகிற முதல் வாக்கியம், "வளர்ற பையனுங்க, ஒரு சைஸ் பெருசா குடுங்க." அந்தச் சட்டைக்கு நான் வளர்ந்து சேருவதற்குள் சட்டை கிழிந்திருக்கும். பிறகு இன்னொரு பெரிய சட்டை. என் பிள்ளைப் பருவம் முழுவதும் என் துணிகளை நான் துரத்திக்கொண்டே ஓடினேன், பிடித்ததேயில்லை.

ஒருநாள் பள்ளிக்கூட டவுசரோடு தோட்டத்துக் கிணற்றில் மேலேயிருந்து குதித்தேன். நான் அடிக்குப் போனேன். டவுசர் வரவில்லை. மேலே வந்து பார்த்தால் அது எனக்கு முன்பாகவே கிணற்றின் மறுகரைக்கு மிதந்து போய், தண்ணீர் சேந்த வந்த இரண்டு அக்காக்களின் வாளியில் ஏறிவிட்டது. இருட்டும் வரை நான் தண்ணீருக்குள் கழுத்தளவில் கிடந்தேன். நீண்ட நேரம் தண்ணீரில் இருப்பதற்கான என் பயிற்சி அங்கேதான் ஆரம்பமானது.

பழக்கம் லேசில் விடுமா? சின்னக்கானலிலிருந்து அழைப்பு வந்த அன்று காலை என் பழைய உடை வயிற்றை ஏற்கவில்லை. மூட்டையிலிருந்து டபுள் எக்ஸெல் ஒன்றை உருவினேன். எந்த நாட்டு ராட்சசனுக்குத் தைத்ததோ, வழுக்கிக்கொண்டு ஏறியது. லயத்துப் பெண்கள் நிற்பார்கள், வயிறும் தெரியாது.

என் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். "ஏங்க, உள்ள இன்னொரு ஆளு வர்றாங்களா?"

"ஒரு சைஸ் பெருசா இருந்தாக் கெட்டா போச்சு?"

எதற்கும் இருக்கட்டும் என்று பழைய உடையையும் மடித்துப் பையில் வைத்தவள் அவள்தான்.

ஆணியில் இல்லாத ஸ்வெட்டர்

முத்துமாரியின் புருஷன் காளிராஜ் அந்த எஸ்டேட்டில் பம்ப் ஓட்டுகிறவன். நாற்றுப் பண்ணைக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் தடுப்பணைக் கரையில் இருக்கிறது. நாங்கள் போனதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் அவன் வீடு திரும்பவில்லை. மோட்டார் அணைத்திருந்தது. கரையில் செருப்பு இல்லை, சாவி இல்லை, ஒன்றுமே இல்லை. போன் அடித்தால் அணைந்திருந்தது.

லயத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். காளிராஜ் போடிக்கு இறங்கிவிட்டான். மலையை விட்டு இறங்கினால் முதலில் வருகிற ஊர் அது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள், குடிக்கப் போகிறவர்கள், வேறொரு பெண்ணோடு போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி.

மற்றவர்கள் அதை வாய்க்குள்ளேயே சொன்னார்கள். உரக்கச் சொன்னவன் காளிராஜின் அண்ணன் தங்கப்பாண்டி.

"அவன் போடிக்குத்தான் போயிருப்பான் சார். வீட்ல ஏதோ சண்ட. ரெண்டு நாள்ல வந்துருவான். நீங்க எதுக்கு இந்தக் குளுருல எறங்கிக்கிட்டு? போங்க சார்."

"நீச்சல் தெரியுமா தம்பிக்கு?" என்று முருகேசன் கேட்டான்.

"வைகையில கெடந்து வளந்தவன். அவனாவது முங்குறதாவது!"

முத்துமாரி நடுவில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"சண்டயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணே, நீங்களே சொல்லுங்க. போடிக்குப் போறவரு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டா போவாரு? அடிவாரத்துல வெந்து செத்துருவாரு. எப்ப எறங்குனாலும் அவுத்து ஆணியில மாட்டிட்டுத்தான் போவாரு. ஆணி சும்மா கெடக்கு."

பேபிச் சேட்டன் என்னைப் பார்த்தார். பிறகு அவளோடு லயத்துக்கு நடந்தார். நானும் போனேன். கதவுக்குப் பின்னால், சுண்ணாம்புச் சுவரில் ஆணி. அதற்குக் கீழே, கம்பளி உரசி உரசிப் பழுப்பேறிய ஒரு தடம். ஒரு ஆளின் தோளகலத்துக்கு.

மலையில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்குப் புரியும். எங்கள் கடையிலும் ஆணி உண்டு. உடுமலைக்கோ போடிக்கோ இறங்குகிற அன்று அதில் ஸ்வெட்டர் தொங்கும். ஆணி காலியாக இருந்தால் ஆள் மலையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

திரும்பி நடக்கும்போது அவளாகவே சொன்னாள். "மெரூன் கலர்ண்ணே. மூணாறு பஜார்ல நாந்தான் எடுத்துக் குடுத்தேன். உள்ள ஒரு பனியன், ஒரு சட்டை போடணும்ல, அதனால ஒரு சைஸ் பெருசா எடுத்தேன். அதப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. தங்கப்பாண்டி தம்பியின் மானத்தை வாங்குவதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு மானம் போனாலும் பரவாயில்லை. போடிக்குப் போனவன் என்றால் தம்பி உயிரோடு இருக்கிறான். முத்துமாரி சொல்வது நிஜமென்றால் செத்துப்போயிருக்கிறான். அவள் ஜெயிக்க வேண்டுமானால் அவள் தாலி போக வேண்டும். அது தெரிந்தே அவள் எங்களைக் கூப்பிட்டிருந்தாள்.

"போடியில எவளோடயோ இருக்காருன்னு இந்த சனம் சாகுறவரைக்கும் சொல்லும்ணே," என்றாள். "அவரு அப்படியில்ல."

முதுகில் குற்றாலம்

முதலில் முருகேசன் இறங்கினான். அவனுக்கு நாலு நாளாகச் சளி. சளி பிடித்தவனுக்கு ஆழத்தில் காது திறக்காது. சொன்னால் கேட்டானா? போன வேகத்தில் மேலே வந்தான். மூக்கிலிருந்து ரத்தம். பேபிச் சேட்டன் அவனை மலையாளத்தில் திட்டினார், பிறகு தமிழில் திட்டினார், பிறகு ஜீப்பில் உட்காரவைத்துப் போர்வையைச் சுற்றினார்.

மிச்சம் இருந்தது நானும் என் ராட்சச உடையும்.

காற்று சிலிண்டரை மாட்டி, இடுப்பில் கயிற்றோடு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பு வரை ஒன்றுமில்லை. கழுத்து வரை போனதும் பின்கழுத்தில் குற்றாலம் இறங்கியது. அருவி அப்படியே முதுகெலும்பு வழியாக ஓடி, இடுப்புக்கு மேலே அந்தப் பள்ளத்தில் குளமாகத் தேங்கியது. கையை ஒரு தடவை அசைத்தால் பழைய தண்ணீர் வெளியே போய்ப் புதிய தண்ணீர் உள்ளே வருகிறது. என் உடம்பு தன்னால் முடிந்த மட்டும் சூடேற்றுகிறது, உடை அதை அணைக்கட்டுக்குத் தானம் செய்கிறது. மொத்த அணையையும் நானே காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அடிக்குப் போய்ச் சேருவதற்குள் விரல்கள் என்னுடையவையாக இல்லை. அங்கே கண்ணால் பார்ப்பதற்கு எதுவும் கிடையாது, கலங்கிய தேயிலைத் தண்ணீர். விரல்தான் கண். விரல் செத்துப்போனால் குருடன். பல் கிட்டிக்கொண்டு மூச்சுக் குழாயே வாயில் நிற்கவில்லை. கயிற்றை இழுத்தேன். மேலே தூக்கினார்கள்.

கரையில் போட்டபோது என் உடல் ஒரு மோட்டார் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. உடையின் கால்களிலிருந்து தண்ணீர் கொட்டியது.

தங்கப்பாண்டி ஓடி வந்தான். "ஒண்ணும் இல்லைல? சொன்னேன்ல சார்! அவன் போடியிலதான் இருக்கான்." அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தில் யாரோ, "தண்ணிக்குள்ள இல்லையாம்" என்றார்கள். அது பின்னால் நின்றவர்களிடம் போவதற்குள் "போடியில பாத்தாங்களாம்" என்று ஆகியிருக்கும்.

நான் தேடவேயில்லை என்பது எனக்கும் பேபிச் சேட்டனுக்கும் தெரியும். முத்துமாரிக்கும் தெரிந்திருந்தது. அவள் என் உடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது ஒங்க சட்டையா?"

"இல்லீங்க அம்மிணி."

"ஒங்க சட்டை எங்க?"

பேபிச் சேட்டன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். பழைய உடை மிகவும் இறுக்கம், நெஞ்சு விரியாது, பாதி மூச்சோடு ஆழத்துக்குப் போவது ஆபத்து என்றார். நாளைக்கு வேறு குழுவைக் கூப்பிடலாம் என்றார். பிறகு அணையின் ஷட்டர் பக்கம் பார்த்தார். மழைத் தண்ணீர் வடிவதற்காக அதை ஓர் ஆள் புகும் அளவுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். துருப்பிடித்து அப்படியே நின்றுவிட்டது, அடைக்க முடியவில்லை. தண்ணீர் அந்தப் பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பாறை, பள்ளம், காடு.

"ஷட்டர் வழி போயெங்கில் பின்னெ கிட்டில்லா," என்றார், தனக்குள் சொல்வதைப் போல. போய்விட்டால் பிறகு கிடைக்காது.

நான் ஜீப்புக்குப் போய் மனைவி மடித்து வைத்த பையைத் திறந்தேன்.

ஈர உடம்பில் இறுக்கமான ரப்பர் ஏறாது. அதற்குத்தான் காலில் பிளாஸ்டிக் பை, வழுக்கிக்கொண்டு போகும். கூட்டத்திலிருந்து இரண்டு பைகளைக் கொடுத்தார்கள். இடுப்பு வரை நானே ஏற்றினேன். கைகளை முருகேசன் திணித்தான். ஜிப்புக்கு யாரும் முன்வருவதற்குள் முத்துமாரி என் பின்னால் வந்து முழங்காலை ஊன்றிவிட்டாள்.

கடைசி இழுப்பில் ஜிப் கழுத்து வரை போய் நின்றது. காலிலிருந்த பைகளை உருவினேன்.

பேபிச் சேட்டன் என்னைச் சுற்றி வந்தார். முதுகுப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஒட்டியிருந்தது.

"பாகமாணோடா?"

மைசூர்பாகைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் போதுமான காற்று உள்ளே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அடியில்

முதல் சில நிமிஷம் ஒரு பெரிய கை என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதி மூச்சு உள்ளே, பாதி மூச்சு வெளியே. பயந்தால் மூச்சு வேகமாகும், வேகமானால் போதாது, போதாவிட்டால் இன்னும் பயம். 'மெதுவா, மெதுவா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஆழத்தில் தண்ணீர் அழுத்தி ரப்பர் மெலிந்துபோகும். கரையில் கழுத்தை நெரித்த உடை அடியில் ஒரு சுற்று இளகிக் கொடுத்தது. நெஞ்சு விரிந்தது. முதுகில் சின்னதாக ஒரு சூடு வந்து தங்கியது. விரல்கள் என்னுடையவையாகவே இருந்தன.

அந்த அணை கட்டும்போது வெட்டிய, கிராண்டிஸ் என்று நாங்கள் சொல்கிற யூகலிப்டஸ் மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் கீழே நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு, தண்ணீர் இழுக்கிற திசையிலேயே போனேன். சேறு. வேர். ஒரு பழைய சாக்கு. வேர். சேறு.

ஷட்டருக்கு ஓரிரு ஆள் நீளம் இருக்கும்போது கையில் கம்பளி பட்டது.

தண்ணீருக்குள் கம்பளியின் தொடுகை எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

மீதியைக் கைகளே படித்தன. ஸ்வெட்டரின் இடுப்புப் பக்கம் ஒரு வேரின் கொம்பில் நன்றாக மாட்டியிருந்தது. நனைந்து இன்னும் தளர்ந்து, சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. அவனுடைய இடது கை ஸ்வெட்டருக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. வலது கை இன்னும் உள்ளேயே இருந்தது. வைகையில் வளர்ந்தவன். கழற்றிவிட்டு மேலே வரப் பார்த்திருக்கிறான். பாதி முடித்திருக்கிறான்.

இடுப்புக் கத்தியை எடுத்து, மாட்டியிருந்த ஓரத்தை மட்டும் அறுத்தேன். அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

கரை

காளிராஜைக் கரையில் கிடத்தினோம். தங்கப்பாண்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். அவனுடைய போடி அங்கே முடிந்துபோனது.

முத்துமாரி வந்து பக்கத்தில் மண்டி போட்டாள். மெரூன் கலர். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த வெளியே வந்திருந்த கையைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காலையிலிருந்து கரையில் நின்ற போலீஸ்காரர், தொடக்கூடாது என்று சொல்ல வேண்டியவர், முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். விறைத்துப் போயிருந்தது. மடங்கவில்லை. காலி ஸ்லீவை விரித்து, அதற்குள் கையை மெல்ல நுழைத்தாள். ஒரு சைஸ் பெரியது என்பதால் எங்கேயும் சிக்காமல் நுழைந்தது. தோள் வரை இழுத்துவிட்டாள். நெஞ்சில் சுருங்கியிருந்ததை நீவிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளையைப் போல ஆகிவிட்டான் காளிராஜ்.

தங்கப்பாண்டி நிமிர்ந்தான். "நீச்சல் தெரிஞ்சவன் சார்... எப்படி சார்? எதுல மாட்டுனான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் ஓயாதவன் என்று மலையில் பெயரெடுத்தவன் நான். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி யாரையாவது கொஞ்சம் இளகவைத்துவிடுவேன். அன்று உடை என்னை இறுக்கிப் பிடித்திருந்தது. அதைவிடப் பொருத்தமான சாக்கு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"கிராண்டிஸ் வேருலீங்க," என்றேன்.

"வேருல எது மாட்டுச்சு?"

"ஸ்வெட்டரு," என்றாள் முத்துமாரி. அறுந்து தொங்கிய நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான் எடுத்துக் குடுத்தது. பெருசா எடுத்துக் குடுத்தது. இல்லண்ணே?"

பேபிச் சேட்டன் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் எந்த யோசனையும் இல்லை, கனம் மட்டும்தான் இருந்தது.

நான் அவள் எதிரே உட்காரப் பார்த்தேன். இறுகிய ரப்பர் மடங்கவில்லை. பாதி உட்கார்ந்த நிலையில், கீழே விழாமல் இருக்க ஒரு கையை மண்ணில் ஊன்றிக்கொண்டேன்.

"அம்மிணி, அங்க தண்ணி ஷட்டருக்கு இழுக்குதுங்க. எனக்கே பிடி நிக்கல. ஷட்டர் ஓரத்துலதான் இருந்தாருங்க. அந்த ஸ்வெட்டரு மட்டும் அந்த வேரப் புடிக்காம இருந்திருந்தா, ஷட்டர் வழியாப் பள்ளத்துக்குப் போயிருப்பாருங்க. காட்டுக்குள்ள. எங்களுக்குக் கெடச்சே இருக்க மாட்டாருங்க. சாகற வரைக்கும் இந்தச் சனம் போடி போடின்னே சொல்லியிருக்கும்."

அத்தனையும் உண்மை. அதில் ஒரு வார்த்தையும் நான் ஜோடிக்கவில்லை. இன்னொரு உண்மையும் இருக்கிறது என்பதை, அந்தக் கையை ஸ்லீவுக்குள் நுழைத்தவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அவள் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். முக்காடு போட்ட முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு குனிந்து, அவன் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கிய ஸ்லீவை ஒரு மடிப்பு மடித்துவிட்டாள்.

"அப்ப அளவாத்தான் எடுத்திருக்கேன்," என்றாள். "என்னண்ணே?"

"ஆமாங்க அம்மிணி," என்றேன். "அளவாத்தானுங்க."